கறுப்பு மையில் ஒரு டி

ஆங்கில எழுத்துகளில் எனக்கு வசப்படாமல் நெடுநாள் அடம்பிடித்தது 'டி'. அதன் வயிற்றை இடப்பக்கம் தள்ளி எழுதுவேன். கண்டியில் நான் படித்த பள்ளிக்கூடத்து வாத்தியார் விரல் முட்டியில் அடித்துத்தான் அதை வலப்பக்கம் திருப்பினார். பிறகு அதே எழுத்து பரீட்சைத் தாளின் தலையில் வந்தது, தேறாதவனுக்கு என்று. நகரசபையில் கிளார்க்காகச் சேர்ந்தபோது அதற்கு இன்னும் வேலைகள் இருப்பதைக் கண்டேன். இடிக்க வேண்டிய வீட்டின் கதவில் சுகாதார அதிகாரி சுண்ணக்கட்டியால் டி போடுவார். வேலையை விட்டு நிறுத்தப்பட்ட ஆளின் பெயருக்கு நேரே பெரிய கிளார்க் டி போடுவார். டிஸ்சார்ஜ் என்று அர்த்தம். கண்டியில் நாங்கள் குடியிருந்த மஹய்யாவை என்ற பகுதியின் தொழிலாளர் லயத்துப் பேச்சில் பெண்டாட்டியை அதட்டவும் அந்த ஓசைதான். லயத்தில் பெண்டாட்டியை டி போட்டுக் கூப்பிடாத ஆண் என் அண்ணன் ஒருவர்தான்.

அப்பா இறந்தபோது எனக்கு எட்டு வயது, அண்ணனுக்குப் பதினெட்டு. அம்மா திருச்சிப் பக்கத்திலிருந்த தன் ஊருக்குத் திரும்பிவிட்டார். அண்ணன் என்னைத் தன்னோடு வைத்துக்கொண்டு, ரோட்டு வேலைக்குப் போய்ப் படிக்க வைத்தார். இடையில் ஒரு வருடம் யாரிடமும் சொல்லாமல் கொழும்புக்குப் போய்த் துறைமுகத்தில் மூட்டை தூக்கினார். அப்போது நான் பக்கத்து வீட்டில் சாப்பிட்டேன். திரும்பி வந்து கல்யாணம் செய்துகொண்ட பிறகு எங்கும் போகவில்லை. அவருக்கு எந்த மொழியிலும் எழுத்துத் தெரியாது. எனக்கு உத்தியோகம் கிடைத்த அன்று லயம் முழுக்க நடந்து, "எந்தப் புஸ்தகத்தத் தொறந்து வச்சாலும் எந்தம்பி வாசிப்பான்" என்று சொல்லிவிட்டு வந்தார்.

மலேரியாக் காய்ச்சல் பரவிய வருடத்தில் அவரும் வேறு சிலரும் கடுகண்ணாவைக்குக் கீழே ரோட்டு வேலைக்குப் போயிருந்தார்கள். மழை பொய்த்து ஆறெல்லாம் குட்டை குட்டையாகத் தேங்கிக் கிடந்த காலம். கூட வேலை செய்தவர் ஒருவர் நடுங்கிக்கொண்டே ஊர் திரும்பி, அண்ணனை ஒரு தற்காலிக ஆஸ்பத்திரியில் போட்டிருப்பதாகச் சொன்னார். பள்ளிக்கூடம் ஒன்றைத்தான் ஆஸ்பத்திரியாக்கியிருந்தார்கள். மதினி என்னிடம், "நீங்க போய்ப் பாத்துட்டு வாங்க தம்பி. நான் போனா யாரு என்னான்னு கேக்கக்கூடத் தெரியாது" என்றார்.

எனக்கு லீவு கிடைக்கப் பத்து நாளாயிற்று. பேராதனை வழியாக பஸ்ஸில் போய் இறங்கி, மிச்ச தூரம் நடந்தேன். விறாந்தை முழுவதும் பாய்கள். டாக்டருக்குப் பதிலாக இருந்த அப்போதிக்கரி ஒருவர் பாய் பாயாகக் குனிந்து கொயினா மருந்தை வாய்களில் ஊற்றிக்கொண்டிருந்தார். வாசலில் மேசை போட்டு உட்கார்ந்திருந்த சிங்களச் சேவகரிடம் அண்ணனின் பெயரைச் சொன்னேன். அவருக்கு இங்கிலீஷ் தெரியாது. பதிவுப் புத்தகத்தை என் பக்கம் திருப்பி வைத்தார்.

பெயரைக் கொலை செய்து எழுதியிருந்தார்கள். ஆனாலும் அப்பாவின் பெயரும் மஹய்யாவை என்ற ஊர்ப்பெயரும் சரியாக இருந்தன. அந்த வரியின் கடைசிக் கட்டத்தில் கறுப்பு மையில் ஒரு டி. அந்த எழுத்தை என் வாழ்நாளில் நல்லதாக வாசித்தது அந்த ஒரு தடவைதான். குணமாகி அனுப்பிவிட்டார்கள்! அதே பக்கத்தில் மேலும் கீழும் டி, டி என்று இருந்தது. இத்தனை பேர் பிழைத்துப் போயிருக்கிறார்களே என்றுகூட நினைத்தேன். அப்போதிக்கரியைக் கூப்பிடவா என்று சேவகர் சிங்களத்தில் கேட்டார். வேண்டாம், எனக்கு வாசிக்கத் தெரியும் என்றேன்.

"டிஸ்சார்ஜ் ஆயிட்டாரு மதினி. வந்துகிட்டிருக்காரு" என்று நான் சொன்னதும், அவர் வெந்நீர் போட அடுப்பைப் பற்ற வைத்தார். மூன்று நாள் மாலையில் அந்த வெந்நீர் கொதித்து ஆறியது. களைப்பாக இருந்து எங்காவது தங்கியிருப்பார் என்றேன். ஞாயிற்றுக்கிழமை திகனப் பக்கத்துத் தோட்டத்தில் இருந்த எங்கள் அக்கா வீட்டுக்கு நடந்து போய்ப் பார்த்தேன். அங்கும் வரவில்லை.

ஒரு மாதம் போனது. கொழும்புக்குப் போன பழைய கதையை லயத்தில் தூசி தட்டி எடுத்தார்கள். ஒருத்தர் அவரைக் கம்பளைச் சந்தையில் ஒரு பெண்ணோடு பார்த்ததாகச் சொன்னார். மதினி முதலில் அவரோடு சண்டைக்குப் போனார். பிறகு சண்டை போடவில்லை. பிறகு ஒரு நாள், அண்ணனின் கம்பளிக் கோட்டைக் குப்பை வண்டிக்காரருக்குக் கொடுத்துவிட்டார். ஆறு வயது மகள் அப்பா எங்கே என்று கேட்டபோது, "ஓடிப் போயிட்டான்" என்றார். பிள்ளை அதை அப்படியே மற்றப் பிள்ளைகளிடம் போய்ச் சொன்னது.

நான் மட்டும் என்ன செய்தேன்? உத்தியோகம் பார்க்கிறவனை இப்படித் தலைகுனிய வைத்துவிட்டாரே என்று கொதித்தேன். அம்மாவுக்கு எழுதிய கடிதத்தில் முதல் தடவையாக அண்ணனை 'அவன்' என்று எழுதினேன். அம்மா யாரையோ பிடித்துப் பதில் எழுத வைத்து அனுப்பியிருந்தார். 'அவனை என் பிள்ளை என்று இனி எழுதாதே' என்ற ஒரே வரி.

காய்ச்சல் தணிந்தபின் அந்த ஆஸ்பத்திரியை மூடினார்கள். நகரசபை இரவல் கொடுத்த கம்பளிகளை எண்ணி எடுத்து வர என்னை அனுப்பினார்கள். அப்போதிக்கரி அதே புத்தகத்தை வைத்துக் கடைசி அறிக்கை எழுதிக்கொண்டிருந்தார். யாழ்ப்பாணத்துக்காரர், களைத்துப் போயிருந்தார். புத்தகத்தின் முன் பக்கங்களில் சில டிக்கள் கறுப்பாகவும் சில சிவப்பாகவும் இருந்ததைப் பார்த்து, ஏன் என்று பேச்சுக்குக் கேட்டேன்.

"கறுப்பு டிஸ்சார்ஜ் தம்பி. சிவப்பு டெத்" என்றார்.

நான் பக்கங்களைத் தள்ளி, அண்ணனின் பெயர் இருந்த பக்கத்தைக் காட்டினேன். "இதில எல்லாம் கறுப்பாத்தானே இருக்கு? எல்லாரும் வீட்டுக்குப் போனவங்கதானே?"

அவர் மூக்குக் கண்ணாடியைக் கழற்றினார். "அந்தக் கிழமை முழுக்க, ஏழு நாளும், சிவப்பு மை இல்லை, முடிஞ்சு போச்சு. கேட்டு எழுதினனான், அனுப்பேல்ல. ஆர் வந்து இதைப் பாக்கப் போகினம் எண்டு விட்டிட்டன். அந்தப் பக்கத்தில வீட்டை போன ஆக்கள் ரெண்டோ மூண்டு பேர்தான்."

அண்ணனின் பெயரைச் சொன்னேன். அவருக்கு ஞாபகம் இருந்தது. "ஓம், தம்பி வருவான் எண்டு சொல்லிக்கொண்டு கிடந்தவர்" என்றார். நான் முதல் தடவை வந்ததற்கு முந்தின நாள் இறந்திருக்கிறார். பள்ளிக்கூடத்துக்குப் பின்னால், கோப்பிச் செடிகளைத் தாண்டி நீளமாக ஒரு மண்மேடு. அதில் எந்த இடம் என்று சேவகருக்கும் சொல்லத் தெரியவில்லை. நான் கம்பளிகளை எண்ணி வாங்கிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்துவிட்டு வந்தேன்.

மதினியிடம் சொன்னபோது அவர் அரிசி புடைத்துக்கொண்டிருந்தார். சுளகைக் கீழே வைத்தார். அழுவார் என்று நினைத்தேன்.

"செத்தவரத்தான் நான் ரெண்டு மாசமா ஏசிக்கிட்டு இருந்தேனா?"

பிறகு என்னை நிமிர்ந்து பார்த்தார்.

"நீங்க போன அன்னிக்கு அங்க கேக்கறதுக்கு யாருமே இல்லையா தம்பி?"

"இருந்தாங்க."

"கேக்கலயா?"

"எனக்குத் தெரியும்னு நெனச்சேன்."

அதற்குப் பிறகு அவர் என்னைத் தம்பி என்று கூப்பிடவில்லை. அம்மாவுக்கு உண்மையை விவரமாக எழுதினேன். பதில் வரவில்லை. என் கடிதம் போய்ச் சேருமுன் அம்மா இறந்துவிட்டதாகப் பிறகு ஊரிலிருந்து வந்த ஒருவர் சொன்னார்.

மதினி பிள்ளையைக் கூட்டிக்கொண்டு தன் அப்பா இருந்த தேயிலைத் தோட்டத்துக்குப் போய்விட்டார். மூன்று வருடம் கழித்து, அண்ணன் மகளைக் கண்டிக்கு அனுப்பினால் பள்ளிக்கூடத்தில் சேர்த்துப் படிக்க வைக்கிறேன் என்று அக்காவிடம் சொல்லி அனுப்பினேன். அக்கா போய் வந்து, சொல்லத் தயங்கித் தயங்கிச் சொன்னார். "எழுத்துத் தெரிஞ்சவரு எங்க குடும்பத்துல ஒருத்தரு இருந்தது போதும்னு சொல்லிருச்சு."

அந்த வருடமே பிள்ளைக்குத் தோட்டத்தில் பேர் பதிந்து, கொழுந்து பறிக்க அனுப்பிவிட்டார்கள்.