கலஹா வளைவுல இன்னைக்கு ஒருத்தரும் இறங்கல

தேயிலைத் தோட்டத்துத் துரைமாரோட கார் போட்டின்னு சொல்லி, இன்னைக்கு கலஹா மலை ரோட்டுல நான் ஓட்டுற பஸ்ஸை ஓரங்கட்டிட்டாங்க.

நின்ன இடம் அந்தப் பெரிய வளைவு. மழை பெஞ்சா அங்க எல்லாரையும் இறக்கி, பின்னால இருந்து தள்ளச் சொல்லித்தான் நான் பஸ்ஸை ஏத்துவேன். இன்னைக்கும் நல்ல சேறு.

முதல்ல வந்த ரெண்டு துரைமாரும் அங்கேயே சிக்கிட்டாங்க. பழக்க தோஷத்துல என் பஸ் சனம் ஓடிப்போய்த் தள்ளிவிட்டுச்சு.

போட்டிக்குக் கொடி பிடிச்சிருந்தவர் தலையில கை வச்சுட்டார். "வெளியாள் தொட்டா அந்த கார் அவுட்டு!"

அடுத்து வந்தது ஒரு சின்னப் பொண்ணு. அயர்லாந்தாம். ஓட்டத் தொடங்கி ரெண்டே வருஷத்துல, ஊர்ல பெரிய கார் ரேலியெல்லாம் ஜெயிச்சிட்டு வந்திருக்காம்.

அவ காரும் வழுக்கிச்சு. எங்க ஆளுங்களுக்குக் கை துறுதுறுன்னுச்சு. கொடிக்காரர் குறுக்க நின்னுட்டார்.

அவ எங்களைப் பார்க்கவே இல்ல. பள்ளத்தை ஒட்டியே காரை மெதுவா பின்னால இறக்கினா. ஒரு சக்கரம் கிட்டத்தட்ட அந்தரத்துல. நான் கண்ணை மூடிட்டேன்.

திறந்து பார்க்கிறேன், ஒரே மூச்சுல வளைவைத் தாண்டிட்டா! எங்க மூஞ்சியெல்லாம் சேறு, ஒருத்தரும் துடைக்கல. வாயைப் பிளந்துட்டு நிக்கிறோம்.

பிறகு என் முறை. சனமெல்லாம் திரும்ப பஸ்ல ஏறி உக்காந்துருச்சு. "எல்லாரும் இறங்குங்க"ன்னேன்.

முன் சீட்டுல இருந்த, கொழுந்து பறிக்கிற முனியம்மா அக்கா அசையவே இல்ல.

"நாங்க தொட்டா நீ அவுட்டு தம்பி. ஏத்து."

நாளைக்கு எனக்குப் பதிலா யாராச்சும் கலஹா பஸ்ஸை எடுக்கிறீங்களா?