பாத்ரூம் பங்களா

நான் வேலை பார்க்கும், போர்த்துகீசு பேசும் போர்ட்டோ நகரத்தில் பாத்ரூம் டைல்ஸை வீட்டுக்கு வெளியே ஒட்டியிருக்கிறார்கள். பிள்ளைகளே, சிரிக்காதீர்கள். நீலமும் வெள்ளையுமாகப் பூப்போட்ட டைல்ஸ், தரையிலிருந்து கூரை வரைக்கும். வந்த புதிதில், உள்ளே ஒட்டியது போக மிச்சத்தை வெளியே ஒட்டிவிட்டார்கள் போலிருக்கிறது என்றுதான் நினைத்தேன். ஆனால் அந்தச் சுவர்களைப் படம் பிடிக்க எங்கெங்கிருந்தோ ஆட்கள் வருகிறார்கள். அவர்கள் படத்தில் விழாமல் குனிந்தபடியே நான் ஹோட்டலுக்குப் பாத்திரம் கழுவப் போவேன்.

எங்கள் வீடு சாந்தோமில், பட்டினப்பாக்கம் போகிற வழியில் ஒரு சந்துக்குள் இருக்கிறது. அந்தச் சந்தில் அழகு என்றால் எதிர்வீடுதான். மெரூன் கலர், தங்கக் கலர் பார்டர், கறுப்புக் கண்ணாடி, மொட்டை மாடியில் எதையும் தாங்காமல் நிற்கிற தூண்கள். போகிறவர் வருகிறவர் எல்லாம் "எலிவேஷன் சூப்பர்" என்பார்கள். நானும் சொல்லியிருக்கிறேன். எங்கள் வீட்டு முகப்பும் ஒருநாள் அப்படி ஆக வேண்டும் என்றுதான் விமானம் ஏறினேன்.

ஹோட்டல் சமையல்காரர் கார்லோஸிடம் ஒருநாள் போனில் எதிர்வீட்டுப் படத்தைப் பெருமையாகக் காட்டினேன். "கல்யாண கேக்கா?" என்று கேட்டார். கை பட்டு அடுத்த படம் வந்தது. எங்கள் காம்பவுண்டு சுவர். அடியில் மாதா, பிள்ளையார், மெக்கா என்று வரிசையாகச் சாமிப்பட டைல்ஸ். கார்லோஸ் நெஞ்சில் கைவைத்துவிட்டார். "என்ன பக்தி! என்ன அழகு!" சுவரோரம் யாரும் ஒன்றுக்குப் போகக் கூடாது என்பதற்காக ஒட்டியது அது. அதை விளக்கும் அளவுக்கு எனக்குப் போர்த்துகீசு வராது. வந்திருந்தாலும் விளக்கியிருக்க மாட்டேன்.

அன்றோடு எனக்கு ரசனை வந்துவிட்டதாக நினைத்துக்கொண்டேன். வீட்டு முகப்பு வேலை அப்போதுதான் தொடங்கியிருந்தது. மனைவி ரோசியைக் கூப்பிட்டு, பெயிண்ட் வேண்டாம், நீலப்பூ டைல்ஸ் ஒட்டு என்றேன். மேஸ்திரி திரும்பத் திரும்பக் கேட்டாராம்: "வெளியவா? நல்லா கேட்டுக்கினியாம்மா?"

ஒட்டி முடித்த அன்றே, மீன் விற்கும் தனலட்சுமி அக்கா கூடையை இறக்கிவைத்துவிட்டு நின்றாராம். "இன்னாடி ரோசி, வூட்ட உள்பக்கம் வெளிய திருப்பி வெச்சிக்கினுகீற? பக்கெட்டு எங்க, சோப்பு எங்க?"

சந்தே பெயர் வைத்துவிட்டது. என் மகள் ஜெனிக்கு அடுத்த ஞாயிறு புதுநன்மை. வெள்ளை கவுன் போட்டு, கோயிலில் முதன்முதலாக நற்கருணை வாங்குகிற நாள். போனில் அழுதாள்.

"எல்லாரும் பாத்ரூம் பங்களான்றாங்கப்பா. ஃப்ரெண்ட்ஸ் யாரையும் கூப்ட மாட்டேன். விருந்தே வேணாம்."

எனக்கோ லீவு கிடைக்கவில்லை. "ஞாயிறுக்குள்ள உடைக்கச் சொல்லிடுறேம்மா" என்றேன்.

மூக்கை உறிஞ்சினாள்.

"நீ இன்னும் நேர்ல பாக்கவேயில்லியே. வந்து பாத்துட்டு உடைச்சுக்கோ."

"அப்போ விருந்து?"

"கூப்புட்றேன். யாருனா சிரிச்சா, எங்கப்பாதான் ஒட்டச் சொன்னாருன்னு சொல்லிடுவேன்."

"சொல்லு."

விருந்துப் படம் நேற்று வந்தது. ஒரு டைல்கூடத் தெரியக் கூடாதென்று ஜெனி அத்தனை பேரையும் சுவரோடு நெருக்கி நிறுத்தியிருக்கிறாள். பின்வரிசைக்காரர்கள் பெஞ்சில் ஏறி நிற்கிறார்கள். தனலட்சுமி அக்கா புதுப்புடவையை விரித்துப் பிடித்து ஒரு மூலையையே மறைத்திருக்கிறார். ஆனால் ரோசிக்கும் ஜெனிக்கும் நடுவில் மட்டும் ஓர் ஆள் நிற்கிற அகலத்துக்கு இடம் விட்டிருக்கிறார்கள். அங்கே, என் உயரத்துக்கு, நீலப் பூக்கள்.