துண்டுக்குள் நாலு விரல்

பாப்பிரெட்டிப்பட்டிச் சந்தையில் புளித் தரகு என்றால் ஹயாத் பாஷாதான். சித்தேரி மலையிலிருந்து தலைச்சுமையாகப் புளி கொண்டுவருகிறவர்கள் வேறு யாரிடமும் போக மாட்டார்கள். அவர் விலையை வாயால் சொல்வதில்லை. தோள் துண்டைப் போர்த்தி, அதற்குள் விற்கிறவரின் கையைப் பிடித்து விரலை அழுத்துவார். முழு விரல் என்றால் ஒரு ரூபாய், மடக்கிய விரல் என்றால் அரை. பக்கத்தில் நிற்கிறவனுக்குக்கூட ஒன்றும் தெரியாது.

அதில் மனுஷனுக்கு என்ன சாமர்த்தியம் என்கிறீர்கள்! வாங்குகிறவர்கள் மூன்று மண்டிக்காரர்கள். கிலோ இரண்டரை ரூபாய்க்கு மேல் யாரும் போவதில்லை என்று காலையிலேயே டீக்கடையில் பேசி முடித்துவிடுவார்கள். ஹயாத் பாஷா முதல் மண்டியின் விலை என்று ஒன்றரையை அழுத்துவார். விற்கிறவர் முகம் தொங்கிப்போகும். அடுத்த மண்டிக்கு இரண்டு. கொஞ்சம் உயிர் வரும். கடைசியாகத் தர்மன் மண்டி என்று இரண்டரையை அழுத்தினால் போதும், ஜெயித்துவிட்ட மாதிரி சிரித்துக்கொண்டே மூட்டையை அவிழ்த்துவிடுவார்கள். சேலத்தில் அதே புளி நாலு ரூபாய்க்குப் போகிறது என்று அந்தச் சந்தோஷத்தில் யார் விசாரிக்கப் போகிறார்கள்?

எண்பத்துமூன்றில் யாரோ மனுப் போட்டு ஓர் அதிகாரி ஜீப்பில் வந்து இறங்கினார். வியாபாரிகள் கூட்டுச் சேர்ந்து போட்டி இல்லாமல் செய்வது சட்டத்துக்கு விரோதம் என்று சொல்லி, மலைக்காரர்களைத் தனித்தனியாக விசாரித்தார்.

"மூணு பேருகிட்டயும் வெல கேட்டமுங்க. கூடக் குடுத்தவருக்குப் போட்டமுங்க. யாரும் எங்க கைய முறுக்கலீங்க" என்றார்கள் எல்லாரும்.

பாவம், அந்த அதிகாரி என்ன செய்வார்? கையை முறுக்கியவனைப் பிடிக்கலாம். சிரித்துக்கொண்டே கொடுத்தவர்களை வைத்துக்கொண்டு எந்த வழக்கைப் போடுவது? சந்தையில் போட்டி இருக்கிறது என்று முடித்துவிட்டுப் போனார். ஹயாத் பாஷா அன்றைக்கு வீட்டுக்குப் பிரியாணி வாங்கிக்கொண்டு போனார்.

மறு வருஷம்தான் மல்லையன் வந்தான். சித்தேரிக்காரன், லாரியில் சுமை ஏற்றப் போய் சேலம் மண்டியைக் கண்ணால் பார்த்தவன். துண்டுக்குள் ஹயாத் பாஷா ஒன்றரையை அழுத்தியதும், அவன் திருப்பி அவருடைய நாலு விரலையும் சேர்த்துப் பிடித்தான். இரண்டு என்றார். நாலு. இரண்டரை என்றார். நாலு. பிடித்த பிடியை விடவில்லை.

"இதுக்கு மேல ஒருத்தரும் தர மாட்டாங்க மல்லையா."

"அப்ப மலைக்கே கொண்டுபோறேன் பாய்."

அப்படியே தூக்கிக்கொண்டு போனான். வானம் கருத்திருந்தது, பாதி வழியில் மழை பிடித்துக்கொண்டது. நனைந்த புளிக்கு எவ்வளவு கனம்! ஓடையைத் தாண்டும்போது வெள்ளம் வந்துவிட்டது. மூட்டை ஒரு பாறையில் சிக்கிக் கிடைத்தது. மல்லையனின் உடலை ரொம்பத் தூரம் தள்ளித்தான் எடுத்தார்கள்.

அதற்குப் பிறகு ஹயாத் பாஷாவுக்குத் துண்டுக்குள் கையை விடவே பயம். எந்தக் கையைப் பிடித்தாலும் அது அவருடைய நாலு விரலையும் சேர்த்துப் பிடித்தது. உதறிவிட்டுத் துண்டை விலக்கினால், எதிரே நிற்கும் கிழவனோ கிழவியோ ஒன்றும் புரியாமல் விழித்தார்கள். அவர்கள் அழுத்தவே இல்லையாம். சாப்பிடும்போது சோறு நழுவியது. மனைவி ஹமீதுன்னிசா தர்காவில் மந்திரித்த தாயத்தை அந்தக் கையில் கட்டிவிட்டாள்.

"கைய யாராச்சும் பிடிச்சிருக்காங்களா? ஏன் இப்படி மரத்துப்போய் கிடக்கு?" என்று அவள் கேட்டபோது அவர் கையை முதுகுக்குப் பின்னால் மறைத்துக்கொண்டார்.

அடுத்த புளிக்காலத்தில் மல்லையனின் மனைவி சென்னம்மாள் மூட்டையோடு வந்து நின்றாள். ஹயாத் பாஷா அப்போதே முடிவு செய்துவிட்டார். தரகு போனாலும் போகட்டும், மண்டிக்காரர்கள் ஊரை விட்டுத் துரத்தினாலும் துரத்தட்டும், இவளுக்கு நியாயமான விலை போய்ச் சேர வேண்டும். சேர்ந்தால்தான் அந்தப் பிடி விடும். துண்டைப் போர்த்தி, அவள் கையைப் பிடித்து, எடுத்த எடுப்பிலேயே நாலு விரலை அழுத்தினார்.

அவள் நெருப்பைத் தொட்டவள் போலக் கையை இழுத்துக்கொண்டாள்.

"என்ன பாய் இது? வெளையாடுறீங்களா?"

"வெளையாட்டு இல்லம்மா. நாலு ரூபா. நானே எடுத்துக்கிறேன். சேலத்துல அதான் வெல." துண்டை வீசிவிட்டு, தர்மனுக்குக் கேட்கிற மாதிரி சத்தமாகவே சொன்னார். "இவங்க மூணு பேரும் பேசி வச்சுக்கிட்டு ஏமாத்துறாங்கம்மா. நானும் கூட்டு."

தர்மன் எழுந்து வந்தார். சண்டைக்கு வரவில்லை, கெட்டிக்காரர். "பாய்க்கு ரொம்ப நாளா ஒடம்பு சரியில்லம்மா. எங்க வெல ஒன்னரை" என்றார்.

சென்னம்மாள் முகம் தொங்கியது. "பாத்துப் போடுங்க சாமி."

"சரி, ரெண்டு."

"இன்னுங் கொஞ்சம்."

"உனக்காக ரெண்டரை. போ."

அவள் முகம் மலர்ந்துவிட்டது. ஹயாத் பாஷா மூட்டையின் மேல் கையை வைத்து மறித்தார். "வேண்டாம்மா! சொன்னா கேளு! மல்லையன் கேட்டதுதான் சரியான வெல!"

"அந்த நாலு ரூபாப் பேச்ச எங்கிட்ட எடுக்காதீங்க" என்று சீறினாள் அவள். "அதக் கேட்டுத்தான அவரு போயிச் சேந்தாரு? மூணு பேரும் இல்லேன்னு சொன்ன வெல எங்கிருந்து வரும்? ரெண்டரைக்கே போட்டுட்டு வந்திருந்தா இன்னிக்கு வூட்டுல இருப்பாரு."

அவர் கை தானாக விலகியது. தர்மனின் ஆள் மூட்டையைத் தூக்கிக்கொண்டு போனான். பணத்தை முந்தானையில் முடிந்துகொண்டு சென்னம்மாள் திரும்பி வந்தாள். கோபம் ஆறியிருந்தது. வழக்கம்போலத் தரகுக்கென்று ஒதுக்கிய ஒரு கைப் புளியை அவர் முன்னால் வைத்தாள்.

"மனசுல வச்சுக்காதீங்க பாய். அடுத்த சந்தைக்கு எம் மவ செல்லி வருவா. அப்படியே அப்பன் கொணம், புடிச்சா புடிதான். அவரு கிட்டத்தான் நீங்க எடுத்துச் சொல்லாம வுட்டுட்டீங்க. அவளுக்காச்சும் நல்லபடியா சொல்லி, குடுத்த வெலைக்குப் போட வச்சு அனுப்புங்க."

அவர் பதில் சொல்லும்வரை அவள் நகரவில்லை.

"சரிம்மா" என்றார் ஹயாத் பாஷா.