இரையும் பெட்டி

நான் சத்தமாகப் பேசுகிறேன் என்று எல்லாரும் குறை சொல்கிறார்கள். பேசுவேன். சிறுவயது முழுவதும் குசுகுசுவென்று பேசி வளர்ந்தவள் நான். அப்போது அடக்கி வைத்ததை இப்போது பேசித் தீர்க்கிறேன்.

எங்கள் வீட்டில் எந்த நேரமும் யாராவது தூங்கிக்கொண்டிருப்பார்கள். ஒரகடம் பக்கத்தில் நிலம் கம்பெனிக்குப் போன பிறகு, அப்பா மாடியிலும் கொல்லைப்பக்கமும் வரிசையாக ரூம் கட்டி வாடகைக்கு விட்டிருந்தார். எல்லாம் தெற்கத்திப் பையன்கள். காலை ஷிப்டுக்குப் போனவன் பாயில் நைட் ஷிப்டு முடித்தவன் வந்து படுப்பான். பாய் ஆறவே ஆறாது. அதனால் எங்கள் வீட்டுக் குக்கர் விசில் அடித்ததில்லை. அது முனக ஆரம்பித்ததும் அம்மா ஓடிப்போய் அடுப்பை அணைப்பாள். மிக்சி ஷிப்டு மாறும் நேரத்தில்தான் ஓடும். அந்த மிக்சியால் ஒரு தடவை ஒரு ரூமே காலியானது. அதை அப்பா அம்மாவிடம் இன்றுவரை சொல்லிக்காட்டுகிறார்.

இப்படிப்பட்ட வீட்டில்தான் சித்தப்பா கிட்டார் வாசிக்க ஆசைப்பட்டார்.

அவர் காருக்கு உதிரிபாகம் செய்யும் கம்பெனியில் பிரஸ் லைனில் இருந்தார். தகட்டை அடித்து வளைக்கிற மெஷின்கள் வரிசையாக நின்று ஓயாமல் இரைகிற இடம். அங்கே மெஷின் பொருத்த வந்த ஜப்பான்காரர் ஒருவர் சாயங்காலங்களில் கெஸ்ட் ஹவுசில் கிட்டார் வாசிப்பாராம். சித்தப்பா கூடவே உட்கார்ந்து கற்றுக்கொண்டார். ஊர் திரும்பும்போது அந்த மனிதர் கிட்டாரை இவரிடமே விட்டுவிட்டுப் போனார். சித்தப்பா வாசித்தது ஜாஸ். அப்பா ஒரு நாள் பக்கத்தில் நின்று வெகுநேரம் கேட்டார்.

"பாட்டு எப்படா ஆரம்பிக்கும்?"

"இதான்ணா பாட்டு."

"இதுவா? இன்னும் சுதி சேத்துகினு கீறன்னு நெனச்சேன்."

அது கரண்டு கிட்டார். ஸ்பீக்கர் பெட்டியில் சொருகாவிட்டால் டப்பாவுக்குள் பூச்சி பிராண்டுகிற மாதிரிதான் கேட்கும். அதனால் சின்னதாக ஓர் ஆம்ப்ளிஃபையர் வேண்டும் என்றார் சித்தப்பா. அப்பாவுக்குத் தெரிந்த ஆம்ப்ளிஃபையர், ஆடி மாசம் கூழ் ஊற்றும்போது மைக்செட்காரன் வேனில் கொண்டுவந்து இறக்குவது. பயந்துபோய் நிபந்தனை போட்டார்.

"வாங்கிக்கோ. ஆனா ரூம்காரன் ஒருத்தன் வாயத் தொறந்தான்னு வை, அன்னிக்கே பெட்டியும் கிட்டாரும் வெளிய."

அப்பா சொன்னால் செய்வார். சித்தப்பாவுக்குச் சொந்தம் என்று அந்த வீட்டில் இருந்தது அந்தக் கிட்டார் ஒன்றுதான்.

எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. சத்தத்தைப் பெரிதாக்குவதற்கு ஒரு பெட்டி. அதை வாங்கிவந்து சத்தம் வெளியே போகாமல் பார்த்துக்கொள்ள வேண்டும். வாங்காமலே இருந்தால் என்ன? கேட்டேவிட்டேன்.

"சத்தம் வேற, தெளிவு வேற பாப்பா. கம்மியா வச்சாலும் ஒவ்வொரு தந்தியும் தனியா கேக்கணும்" என்றார். இன்னும் குழம்பியது.

குன்றத்தூரில் கீபோர்டும் டிரம்சும் விற்கிற கடைக்கு என்னையும் பைக்கில் கூட்டிக்கொண்டு போனார். கடைக்காரர் விஷயத்தைக் கேட்டுவிட்டு, "ஹெட்போன் மாட்டிக்குங்க சார், யாருக்கும் தொந்தரவு இல்ல" என்றார்.

"ஷிப்டு முழுக்க காதுல ப்ளக்க சொருவிக்கினு நிக்கிறேங்க. வூட்லயும் காத அடைச்சிக்கணுமா?"

கடைக்காரர் இரண்டு பெட்டிகளை எடுத்து வைத்தார். ஒன்று புதுசு, டிபன் கேரியர் உயரம். சித்தப்பா ஒரு தந்தியைத் தட்டினார். மணி அடித்தது போல் கேட்டு, சுத்தமாக அடங்கியது. இன்னொன்று யாரோ விற்றுவிட்டுப் போன பழசு. ஸ்விட்சைப் போட்டதுமே கொர்ரென்று இரைந்தது. கடைக்காரர் வெட்கப்பட்டு, "எவ்ளோ பாத்தாச்சி சார், இந்த எரைச்சல் மட்டும் போக மாட்டேங்குது" என்றார். ஆனாலும் நல்ல மனிதர். இரண்டையும் வீட்டில் வைத்துப் பார்த்துவிட்டு ஒன்றைத் திருப்பிக் கொடுங்கள் என்றார்.

சித்தப்பாவின் லீவு நாளில், நைட் ஷிப்டுக்காரர்கள் தூங்குகிற காலைப் பொழுதில் சோதனை நடந்தது. முதலில் புதுப் பெட்டி; சித்தப்பா கீழே முற்றத்தில் உட்கார்ந்து வாசித்தார். நான் மாடி ரூம் ஜன்னலுக்கு வெளியே நின்றேன். சத்தம் அதிகமானால் கையை ஆட்ட வேண்டும். ஆட்டவே தேவையில்லை. அடுத்த தெருவிலிருந்து வருவது போல் மெல்லத்தான் கேட்டது. சித்தப்பா நாலு சுரம் வாசித்து நிறுத்துவார். பிறகு இரண்டு, மறுபடி நிறுத்துவார். எங்கே நிறுத்துகிறோம் என்பதுதான் வாசிப்பே என்று ஜப்பான்காரர் சொல்லிக் கொடுத்திருந்தாராம்.

திடீரென்று ரூம் கதவு திறந்தது. திருநெல்வேலிப் பக்கத்துப் பையன், சிவந்த கண்ணோடு, லுங்கியை இறுக்கிக்கொண்டு கீழே இறங்கினான். நான் பின்னாலேயே ஓடினேன். அப்பா முற்றத்துக்கே வந்துவிட்டார்.

"இன்னாப்பா, தூக்கம் கெட்டுப் போச்சா?"

"வாசிக்கதுல ஒண்ணுமில்லண்ணே, நல்லாத்தான் இருக்கு. ஆனா நிப்பாட்டி நிப்பாட்டிலா வாசிக்காங்க. நிக்கும்போது பொசுக்குனு முழிப்பு வந்துருது. கம்பெனில லைன் நின்னு போச்சோன்னு நெஞ்சு அடிச்சுக்கிடுது. வாசிச்சா நிக்காம வாசிக்கச் சொல்லுங்கண்ணே."

அவன் ஏறிப் போய்ப் படுத்துக்கொண்டான். சித்தப்பா கிட்டாரை மடியில் வைத்துக்கொண்டு அப்பாவைப் பார்த்தார்.

"வாயத் தொறந்துட்டான் இல்ல?" என்றார் அப்பா.

"அவன் சத்தம்னா சொன்னான்? சத்தம் நின்னு போச்சின்னு சொல்றான்" என்றாள் அம்மா.

"கம்ப்ளெய்ன்ட்னா கம்ப்ளெய்ன்ட்தான்."

"அப்ப இன்னா பண்ணணும்ன்ற? மிக்சிய ஓட்டி வுடட்டா?"

எங்கள் வீட்டில் சத்தம் போதவில்லை என்று அதுவரை யாரும் புகார் சொன்னதில்லை. அது புகாரா, புகழ்ச்சியா என்று எனக்கும் புரியவில்லை.

சித்தப்பா பழைய பெட்டியை எடுத்துச் சொருகினார். கொர்ரென்றது. அதே நாலு சுரம். நிறுத்தினார். கிட்டார் நின்றது, பெட்டி இரைந்துகொண்டே இருந்தது. மேலே ஓடிப்போய்ப் பார்த்தேன். திருநெல்வேலிப் பையன் வாயைத் திறந்துகொண்டு தூங்கினான். எப்போதும் புரண்டுகொண்டே கிடக்கும் பக்கத்துப் பாய்க்காரனும் அசையவில்லை. மதியம் வரை வாசித்தார். ஒருவரும் எழுந்திருக்கவில்லை.

"இது ஓடட்டும்" என்று அப்பா தீர்ப்புச் சொன்னார்.

மறுபடியும் குன்றத்தூர். கடைக்காரர் நம்பவில்லை. "நல்லதத் திருப்பிக் குடுக்குறீங்களே சார்?"

"எங்க வூட்டுக்கு அதான் சரி" என்றார் சித்தப்பா. ஆனால் கொடுப்பதற்கு முன் கடைக் கிட்டார் ஒன்றை வாங்கி அந்தப் புதுப் பெட்டியில் சொருகினார். இரண்டே சுரம். பிறகு தந்தி மேல் உள்ளங்கையை வைத்துக்கொண்டு, ஒன்றுமே கேட்காத பெட்டியை வெகுநேரம் கேட்டுக்கொண்டிருந்தார். வழியெல்லாம் பைக்கை மெல்லவே ஓட்டினார். கிட்டாருக்கு ஆபத்து நீங்கிவிட்டதே, இந்த மனிதருக்கு என்ன வந்தது என்று எனக்கு எரிச்சலாக வந்தது.

அப்புறம் ஒரு மதியம். நைட் ஷிப்டு முடித்து வந்து வாசித்துக்கொண்டே சித்தப்பா தூங்கிப்போயிருந்தார். கிட்டார் வயிற்றின் மேல் கிடந்தது. பெட்டி சும்மா இரைந்துகொண்டிருந்தது. அம்மா என்னிடம் அதை அணைக்கச் சொன்னாள். அணைத்தேன்.

சித்தப்பா தூக்கிவாரிப் போட்டு எழுந்தார். "யார்ரா லைன நிறுத்துனது?"

என்னால் சிரிப்பை அடக்க முடியவில்லை. வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தேன், எங்கள் வீட்டில் அப்படித்தான் சிரிக்க வேண்டும். அம்மாவும் சிரித்தாள். சித்தப்பா எங்களைப் பார்த்தபடியே மெல்லச் சாய்ந்து படுத்தார். கண் மட்டும் மூடவில்லை.

அப்பா சிரிக்கவில்லை. ஒரு லைட் கூடுதலாக எரிந்தால் சண்டைக்கு வருகிறவர், வந்து கிட்டாரை எடுத்துச் சுவரில் சாய்த்துவிட்டு, குனிந்து தன் கையாலேயே ஸ்விட்சைப் போட்டார். கொர்ரென்று பெட்டி இரைந்தது. சித்தப்பா கண்ணை மூடினார்.

வாசிக்கிறவர் தூங்குகிறார், பெட்டி எதற்கு? கரண்டு வீணாகிறதே என்றுதான் எனக்கு அன்று தோன்றியது.