டோக்கன் 318 எழுதிய நிரல்

நாகஜோதிக்குக் கோபம் மூக்கு நுனியில் இருக்கும் என்று அந்த வீரபாண்டி கம்பெனிக்குள் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள். சொல்கிற வாய்க்கு என்ன, சொல்லிவிட்டுப் போகும். ஏழு மாதம் ஒருத்தி உயிரைக் கொடுத்துச் செய்த வேலையை எடுத்துக்கொண்டு, பெயரை வழித்துப் போடச் சொல்லிவிட்டு, "நல்லாப் பண்ணியிருக்கீங்க அம்மிணி" என்று சிரிக்கிற ஆளைப் பார்த்தால் கோபம் வராமல் பக்தியா வரும்?

அவளுடைய அப்பா மொக்கைச்சாமியும் அம்மா சீனியம்மாளும் உசிலம்பட்டிப் பக்கமிருந்து திருப்பூருக்குப் பிழைக்க வந்தவர்கள். அப்பா போய்ச் சேர்ந்து ஆறு வருடம் ஆகிவிட்டது. அம்மா, நாச்சிமுத்து முதலாளியின் பனியன் துணிக் கம்பெனியில் செக்கிங் பிரிவில் வேலை பார்த்தாள். பின்னால் விளக்கெரியும் கண்ணாடி மேல் துணி ஓடிக்கொண்டே இருக்கும். ஓட்டை, எண்ணெய்க் கறை, ஊசி உடைந்ததால் விழுந்த கோடு எல்லாவற்றையும் நின்றபடியே கண்ணால் பிடிக்க வேண்டும். பிடித்த ஆயிரம் ஓட்டையைப் பற்றி ஒருவரும் பேசமாட்டார்கள். தப்பிப் போன ஒரே ஒரு ஓட்டைக்கு, "நின்னுக்கிட்டே தூங்குனியா?" என்று ஆள் கூட்டி வைத்துக் கேட்பார்கள். அதே கம்பெனியில், பாலிடெக்னிக்கில் கம்ப்யூட்டர் படித்த நாகஜோதி பார்கோடு அடிக்கிற வேலைக்குச் சேர்ந்தாள்.

2009ஆம் வருடத் தொடக்கத்தில், ஓட்டைத் துணியில் தைத்த சரக்கை, அதை வாங்குகிற வெளிநாட்டு பையர் திருப்பி அனுப்பிவிட்டார். நாச்சிமுத்து ஒரு கேமராவை வாங்கிச் செக்கிங் மெஷினுக்கு மேல் மாட்டினார். கேமரா படம் பிடிக்கும், அவ்வளவுதான். அந்தப் படத்தில் ஓட்டை எங்கே என்று கண்டுபிடிக்கிற மென்பொருளுக்கு வெளிநாட்டுக்காரன் சொன்ன விலையைக் கேட்டதும் முதலாளிக்குத் தலை சுற்றியது. "சும்மா ஏதாச்சும் கெடைக்குதான்னு பாருங்க அம்மிணி" என்று நாகஜோதியிடம் சொன்னார்.

சும்மா கிடைத்தது. மாரெக் என்று ஒரு போலந்துக்காரர், கல்லூரியில் வாத்தியார். துணிப் படத்தில் குறை தேடுகிற நிரல் ஒன்றை எழுதி, உள்ளே இருப்பதை யார் வேண்டுமானாலும் படிக்கட்டும், மாற்றட்டும் என்று இணையத்தில் திறந்து வைத்திருந்தார். அந்த நிரல் ஓடுவது கிராபிக்ஸ் கார்டில். கம்ப்யூட்டர் விளையாட்டுக்குப் படம் காட்டச் செய்த அட்டை அது. ஒரே மாதிரியான கணக்கை அதனிடம் கொடுத்தால் நூறு செக்கிங் பெண்கள் ஒரே துணியை ஆளுக்கொரு பக்கம் பார்ப்பதுபோல் ஒரே நேரத்தில் பார்த்துவிடும். அப்படி ஒரு அட்டை கம்பெனியிலேயே இருந்தது. முதலாளியின் மகன் விளையாடுவதற்கென்று வாங்கி, விளையாடிச் சலித்து, மேல்படிப்புக்குப் போகும்போது விட்டுப்போன கம்ப்யூட்டருக்குள் அது தூங்கிக்கொண்டிருந்தது.

சிக்கல் என்னவென்றால், மாரெக்கின் நிரல் லினக்ஸ் என்கிற இயங்குதளத்தில் மட்டும் ஓடும். கேமராவோ விண்டோஸில் மட்டும் பேசும். இரண்டில் ஒன்றை மற்றதன் வீட்டுக்கு அழைத்துவர வேண்டும். நிரலை அழைத்து வருவதென்று முடிவு செய்தாள் நாகஜோதி. அன்றைக்கே முதலாளியிடம் போய் நிபந்தனையையும் சொன்னாள். "சார், இத நம்ம இஷ்டத்துக்கு மாத்தலாம், விக்கக்கூடச் செய்யலாம். ஆனா எழுதுனவுக பேர எடுக்கக் கூடாது. யாருக்குக் குடுத்தாலும் உள்ள இருக்கிற நிரலையும் சேத்துக் குடுக்கணும்." நாச்சிமுத்து போனில் யாருடனோ நூல் விலை பேசியபடி தலையை ஆட்டினார்.

பிறகு ஏழு மாதம் அவள் பட்ட பாட்டை நாய்கூடப் படாது. முதலில் படமெல்லாம் பாதியிலேயே அறுந்து நின்றது. ஒரு படம் கால்வாசி, ஒரு படம் முக்கால்வாசி, அடுத்தது முழுசு. மூன்று வாரம் கேமராவைத் திட்டினாள், கேபிளைத் திட்டினாள், கேபிள் வாங்கி வந்தவனைத் திட்டினாள். கடைசியில் குற்றவாளி விண்டோஸ். படக் கோப்பைச் சாதாரண எழுத்துக் கோப்பு என்று நினைத்துக்கொண்டு படிக்கும்; நடுவில் இருபத்தாறு என்ற எண் வந்துவிட்டால் "முடிந்தது" என்று மூடிவைத்துவிடும். லினக்ஸுக்கு இந்தக் கிறுக்கு கிடையாது. கோப்பைத் திறக்கிற இடத்தில் ஒரே ஒரு எழுத்தைச் சேர்த்ததும் சரியாகிவிட்டது. அன்றைக்கு அவளுக்குச் சந்தோஷமே வரவில்லை, எரிச்சல்தான் வந்தது.

அதைவிடப் பெரியது அடுத்தது. பத்து மீட்டர் துணியின் படத்தை அட்டையிடம் கொடுத்தால் கணக்கு முடிய நான்கு விநாடி ஆனது. விண்டோஸோ, அட்டை இரண்டு விநாடி பதில் சொல்லாவிட்டால் செத்துவிட்டது என்று முடிவு கட்டித் திரையை இருட்டாக்கி, அட்டையை உலுக்கி எழுப்பும். செய்த கணக்கெல்லாம் போயே போய்விடும். "பாத்ரூம் போயி ரெண்டு நிமிசம் ஆகலை, அதுக்குள்ள கதவத் தட்டுற சூப்பர்வைசர் கெட்டான்" என்று நாகஜோதி பல்லைக் கடித்தாள். மாரெக்குக்கு எழுதிக் கேட்டாள். தன் கம்ப்யூட்டரில் திரையே மாட்டுவதில்லை, அதனால் இந்தத் தொல்லையைக் கண்டதே இல்லை என்று அவர் வெள்ளந்தியாகப் பதில் போட்டார்.

ஞாயிற்றுக்கிழமை வீட்டுச் சிமெண்ட் தரையில் சாக்பீஸால் கோடு போட்டு உட்கார்ந்தாள். சோறு ஆறிக்கொண்டிருந்தது. படத்தை நாற்பது துண்டாக வெட்டி ஒவ்வொன்றாக அட்டையிடம் கொடுத்தால் எந்தத் துண்டும் இரண்டு விநாடியைத் தாண்டாது. ஆனால் வெட்டுகிற கோட்டின்மேல் ஓர் ஓட்டை இருந்தால்? இரண்டு பக்கமும் அரை ஓட்டை, இரண்டுமே தப்பிவிடும். பனியன் ஊரில் வளர்ந்தவளுக்கு இதற்கு வழி தெரியாதா? தையலுக்கு ஓரம் விட்டு வெட்டுவதுபோல், ஒவ்வொரு துண்டுக்கும் ஓரம் விட்டாள், அடுத்த துண்டின்மேல் கொஞ்சம் ஏறும்படி. ஒரே ஓட்டையை இரண்டு தடவை எண்ணாமலிருக்க, பிறகு கணக்கில் ஒன்றைக் கழித்தாள். செவ்வாய்க்கிழமை அவளுடைய அம்மா நின்ற மெஷினிலேயே ஓடவிட்டார்கள். உளுந்தம்பருப்பைவிடச் சின்ன ஓட்டைக்குத் திரையில் சிவப்பு வட்டம் விழுந்தது. சீனியம்மாள் துணியைத் தடவிப் பார்த்துவிட்டு, "அட, ஆமாடி!" என்றாள்.

நாற்பத்தொரு கோப்பில் அவள் கை பட்டிருந்தது. ஒவ்வொரு கோப்பின் தலையிலும் எழுதியவர், திருத்தியவர் பெயர்கள் இருக்கும். மாரெக்கின் பெயருக்குக் கீழே நாகஜோதி தன் பெயரைப் போட வேண்டிய இடத்தில் "டோக்கன் 318" என்று போட்டாள். பைத்தியக்காரி! ஆனால் அவளைச் சொல்லியும் குற்றமில்லை. கம்பெனிக்குள் யாருக்கும் பெயர் கிடையாது. வருகைப் பதிவு, கேன்டீன் சாப்பாடு, லீவு லெட்டர் எல்லாவற்றுக்கும் டோக்கன் நம்பர்தான். அதையே எழுதி எழுதிக் கை பழகியிருந்தது. "318 என்பது ஒரு மெஷினா?" என்று, சந்தேகம் கேட்டு அவள் அனுப்பிய கோப்பைப் பார்த்த மாரெக் ஒருமுறை கேட்டார். "நான்தான்" என்று எழுதினாள். அப்போதும் அவளுக்கு உறைக்கவில்லை.

ஒரு வியாழக்கிழமை காலையில் நாச்சிமுத்து அவளை அறைக்குக் கூப்பிட்டார்.

"உக்காருங்க அம்மிணி. நல்லாப் பண்ணியிருக்கீங்க. அனுப்பர்பாளையத்துல நம்ம மச்சானுக்கு இது வேணுமாமுங்க. இன்னும் நாலு மில்லுக்காரங்க கேக்கறாங்க. நம்ம கம்பெனி தயாரிப்புன்னு விக்கலாமுன்னு இருக்கறனுங்க. ஒரே ஒரு வேலைதானுங்க பாக்கி. பைலுக்கெல்லாம் மேல பேரு பேரா எழுதியிருக்குதாமா, அதைய எடுத்துப் போடுங்க. உள்ள இருக்கறது யாருக்கும் தெரியாத மாதிரி பூட்டிக் குடுத்தறோணும்."

"பேர எடுக்கக் கூடாது சார். மொத நாளே சொன்னேன்ல. வித்துக்கங்க, வேணாங்கல. மறைக்கக் கூடாது."

"எப்பங்க சொன்னீங்க?"

"சொன்னேன். நீங்க தலையாட்டுனீங்க."

"நானு ஆயிரத்துக்குத் தலையாட்டுவனுங்க" என்று நாச்சிமுத்து சிரித்தார். "ஏனுங்க, நம்ம சாம்பிளப் பக்கத்துக் கம்பெனிக்காரனுக்குக் காட்டுவமுங்களா?"

"இது நம்ம சாம்பிள் இல்ல சார். அவரு சாம்பிள். கூப்பிட்டுக் குடுத்தாரு. நாம நம்ம அளவுக்கு வெட்டித் தச்சுருக்கோம். தச்சதுல எம்பேரும் இருக்கு."

"எங்கீங்க இருக்குது? நானுந்தான் பாக்கச் சொன்னனே. டோக்கன் முன்னூத்திப் பதினெட்டுன்னுதானுங்க இருக்குது. டோக்கன் கம்பெனிதுங்க அம்மிணி. நீங்க போனா நாளைக்கே இன்னொருத்தருக்குக் குடுத்துருவமுங்க." பேப்பர் வெயிட்டை ஓர் உருட்டு உருட்டிவிட்டு, அதே குரலில் சொன்னார். "உங்கம்மாளும் நம்மகிட்டத்தானுங்களே வேலை செய்யறாங்க. யோசிச்சுச் சொல்லுங்க."

கொங்கு மரியாதைக்கு ஒரு குறையும் இல்லை. கழுத்தை அறுக்கும்போதுகூட "கொஞ்சம் திரும்புங்க" என்றுதான் சொல்வார். நாகஜோதிக்கு உடம்பெல்லாம் பற்றி எரிந்தது. முதலாளிமேல் பாதி, தன்மேல் பாதி. பெயர் இருக்கும்போது நம்பரைப் போட்ட கையை வெட்டிப் போடலாம் போலிருந்தது. அம்மாவின் வேலை போய்விடும் என்பது நன்றாகவே தெரிந்தது. தெரிந்துதான் கம்ப்யூட்டர் அறைக்குள் போய்க் கதவைச் சாத்தினாள்.

நாற்பத்தொரு கோப்பையும் ஒவ்வொன்றாகத் திறந்தாள். மாரெக்கின் பெயரைத் தொடவில்லை. டோக்கனை அழித்துவிட்டு, "மொ. நாகஜோதி, வீரபாண்டி, திருப்பூர்" என்று எழுதினாள். சாப்பாட்டு மணி அடிப்பதற்குள் மொத்தத்தையும் மாரெக்குக்கு அனுப்பிவிட்டு, முதலாளி அறைக்குப் போனாள். "அனுப்பிட்டேன் சார். இனி ஊரு உலகத்துல யாரு வேணும்னாலும் எடுத்துக்கலாம்." நாச்சிமுத்து போனைக் கையில் எடுத்தார். "சரீங்க. போயிட்டு வாங்க" என்றார். இரண்டு மணிக்கெல்லாம் தாயும் மகளும் கேட்டுக்கு வெளியே நின்றார்கள்.

சீனியம்மாள் நான்கு நாள் மகளைத் திட்டினாள். சும்மா இல்லை, பக்கத்து வீட்டுக்காரர்கள் எட்டிப் பார்க்கிற அளவுக்கு. "பதினோரு வருசம் நின்ன எடம்டி! ஒம்பேரு அதுல இருந்தா என்ன, இல்லாட்டி என்ன? அத வச்சு ஒல கொதிக்குமா?" நாகஜோதி குடத்தை எடுத்துக்கொண்டு தண்ணீருக்குப் போய்விட்டாள். பேசினால் வீடு தாங்காது. மாரெக் அவள் நிரலையும் பெயரையும் தன் இணையப் பக்கத்தில் ஏற்றிவிட்டு, கம்பெனிக்கும் நிபந்தனையை நினைவூட்டி ஒரு கடிதம் போட்டார். அந்தக் கடிதத்தை நாச்சிமுத்து எந்தக் குப்பையில் போட்டாரோ! பழைய பிரதி ஒன்று அவர் கையில் இருந்தது. வேறு யாரையோ வைத்துப் பெயர்களை வழித்தெடுத்து, விற்கிற ஏற்பாட்டில் மும்முரமாக இருந்தார். தெய்வம் நின்று கொல்லும் என்பார்கள். இவர் விஷயத்தில் அது இன்னும் நின்றுகொண்டுதான் இருக்கிறது.

ஐந்தாம் நாள் சூப்பர்வைசர் காசிமாயன் ஒரு காகிதத்தோடு வந்தார். அவரும் உசிலம்பட்டிப் பக்கத்துக்காரர்தான். நாகஜோதி இதில் கையெழுத்துப் போட்டால் இரண்டு பேரும் நாளைக்கே வேலைக்கு வரலாம் என்று முதலாளி சொன்னாராம். சீனியம்மாளின் முகம் மலர்ந்துவிட்டது. "போடுறீ, மவராசி! அவரே எறங்கி வந்துட்டாரு." அவளுக்கு எழுத்துக் கூட்டத் தெரியாது. "என்ன எழுதியிருக்குன்னு வாசி, கேப்போம்" என்றாள்.

நாகஜோதி வாசித்தாள். "மேற்படி மென்பொருள் முழுவதும் கம்பெனியாரால் செய்யப்பட்டது. அவர்கள் சொல்லச் சொல்ல நான் டைப் மட்டும் அடித்தேன். எனக்கு அதில் எந்தப் பங்கும் இல்லை."

"என்னது? திருப்பி வாசி."

திருப்பி வாசித்தாள். சீனியம்மாள் காகிதத்தைப் பிடுங்கினாள். "டைப்பு அடிச்சியா நீயி? சோறு தண்ணி இல்லாம தரையெல்லாம் கோடு போட்டுக்கிட்டுக் கெடந்தது டைப்பு அடிக்கிறதா? எங்கண்ணு முன்னால வட்டம் விழுந்துச்சே, அது டைப்பா? பச்சப் பொய்யில்ல எழுதியிருக்கான்!" எழுந்து கொண்டையை முடிந்தாள். தன் டோக்கன் அட்டையையும் மகளுடையதையும் எடுத்துக்கொண்டாள். "நீ வராத. நீ வந்தா அடிச்சுப்புடுவ" என்று சொல்லிவிட்டுக் காசிமாயனோடு கிளம்பினாள்.

முதலாளி அறையில் அனுப்பர்பாளையத்து மச்சான் உட்கார்ந்திருந்தார். திரையில் துணி ஓடிக்கொண்டிருந்தது, சிவப்பு வட்டங்கள் விழுந்துகொண்டிருந்தன. "வாங்க, வாங்க. கையெழுத்து ஆச்சுங்களா?" என்றார் நாச்சிமுத்து. சீனியம்மாள் காகிதத்தை விரித்து மேசைமேல் வைத்தாள். அடியில் கையெழுத்து இல்லை. அதன்மேல் இரண்டு அட்டையையும் வைத்தாள்.

"இது நீங்க குடுத்த டோக்கன். எடுத்துக்கங்க. எம்மக டைப்பு அடிச்சான்னு எழுதச் சொன்னீகள்ல, அதையும் நீங்களே வச்சுக்கங்க."

மச்சான் திரையைப் பார்த்தார், அவளைப் பார்த்தார். "ஏனுங் மாப்ள, இதைய இந்தம்மா புள்ளைங்களா செஞ்சுது? நீங்க செஞ்சதுன்னுதான சொன்னீங்க?"

நாச்சிமுத்து எட்டித் திரையை அணைத்தார்.

"ஆமா, எம்மகதான் செஞ்சா. பேரு நாகஜோதி" என்றாள் சீனியம்மாள், மச்சான் பக்கம் திரும்பி. "மறந்துருவீக. எழுதிக்கங்க."