வெளிப்பக்கம் திறக்கும் யன்னல்

நாங்கள் குடியிருக்கும் வீடு ஒரு காலத்தில் ஆங்கிலேயப் பாதிரியார் ஒருவருக்காகக் கட்டப்பட்டது. கோடையில் சுவிஸின் இந்த ஏரிக்கரைக்கு வந்து தங்கிய ஆங்கிலேயர்கள் ஒரு தேவாலயமும், பக்கத்தில் பாதிரியாருக்கு வீடும் தங்கள் நாட்டு முறையிலேயே எழுப்பினார்கள். செங்கல் சுவர், செங்குத்தான கூரை, தேவைக்கு அதிகமான புகைபோக்கிகள். பாதிரியாரைத் தேடி வருபவர்கள் குடும்பத்தின் கண்ணில் படாமல் அவருடைய அறைக்குப் போகப் பக்கவாட்டில் தனிக் கதவு. இப்போது அது கீழ்வீட்டுப் பெண்மணியின் வாசல். மேல்மாடியில் நாங்கள்.

மகளின் அறை கூரைச் சரிவுக்குள் இருக்கிறது. யன்னலின் கீழ்விளிம்பு என் முழங்கால் உயரம்தான். சுவிஸ் யன்னல்கள் உள்ளே திறக்கும். இது வெளியே திறக்கும். துளைகள் உள்ள இரும்புப் பட்டை ஒன்றை ஒரு முளையில் மாட்டுவதுதான் அதன் பூட்டு. ஒன்றரை வயது மகள் அந்தப் பட்டையைத் தூக்கிப் பார்ப்பதைக் கண்ட நாளிலிருந்து எனக்குச் சோறு இறங்கவில்லை.

கணவர் யன்னலைச் சுற்றியிருந்த கல்நிலையில் இருபக்கமும் துளையிட்டு மூன்று கம்பிகள் பொருத்தினார். யாழ்ப்பாணத்தில் கம்பி இல்லாத யன்னலை நாங்கள் யன்னல் என்றே நினைப்பதில்லை. அதனால் ஒருவரிடமும் அனுமதி கேட்கத் தோன்றவில்லை. இது பாதுகாக்கப்பட்ட பழைய கட்டடம், எதையும் மாற்றக்கூடாது என்று ஒப்பந்தத்தில் எழுதியிருந்தது. அதை வரிக்கு வரி வாசித்துக் கையொப்பமிட்டவள் நான்தான்.

கீழ்வீட்டுப் பெண்மணிக்கு எழுபது வயதிருக்கும். புதன்கிழமைகளில் நான் முதியோர் இல்லத்தில் வேலைக்குப் போகும்போது மகளைப் பார்த்துக்கொள்வார். ஒருநாள் கைகொடுத்து, இனி என்னை 'டூ' என்றே கூப்பிடு என்றார். ஜெர்மன் மொழியில் நெருங்கியவர்களுக்கு மட்டும் சொல்லும் 'நீ' அது. தாயின் வயதுள்ளவரை 'நீ' என்பதற்கு எனக்கு நாக்குக் கூசியது. ஆனாலும் என்னைச் சொந்தக்காரியாக எடுத்துக்கொண்டுவிட்டார் என்று நம்பினேன். அவரை மேலே கூட்டிப்போய்க் கம்பிகளையும் நானே காட்டினேன். நல்ல வேலை என்று சொல்லிப் படம் எடுத்தார். மகளும் அதில் நிற்கிறாள் என்று சந்தோஷப்பட்டேன்.

பத்து நாளில் வீட்டு நிர்வாகத்தின் கடிதம் வந்தது. இரண்டு கிழமைக்குள் கம்பிகளை அகற்றாவிட்டால் வீட்டை விட வேண்டும். கடிதத்தோடு அதே படம். மகள் நின்ற பக்கத்தை மட்டும் வெட்டியிருந்தார்கள். அவளுடைய பிஞ்சு விரல்கள் ஒரு கம்பியில் மிச்சம் இருந்தன.

"நீ என்ன, கண்காட்சியோ வைச்சனீ?" என்றார் கணவர்.

"அவ எங்கட ஆள் எண்டு நினைச்சன்."

"ஓம், எங்கட ஆள்தான். அதுதான் முகவரி பிழைக்காமல் வந்திருக்கு."

கடிதத்தோடு கீழே போனேன். அவர் மறுக்கவில்லை. முகம்கூட மாறவில்லை. "நான்தான் எழுதினேன். இந்தக் கல்லில் போட்ட துளை போட்டதுதான். பிள்ளைக்கு நீ இருக்கிறாய், பார்த்துக்கொள்வாய்," என்றார்.

என்னிடம் முதலில் சொல்லியிருக்கலாமே என்று கேட்டேன்.

"சொன்னால் நீ அழுவாய். பிறகு என்னால் எழுத முடியாது."

மேலே வந்தபின்தான் சொல்ல வேண்டியவை எல்லாம் ஞாபகத்துக்கு வந்தன. அவர் சொன்னதில் நியாயம் இருக்கிறதோ என்றும் யோசித்தேன். ஒப்பந்தத்தை மீறியது நாங்கள். ஆனால் அந்த அறையில் நின்று, அந்தப் பிள்ளையைப் பார்த்துச் சிரித்துக்கொண்டல்லவா படம் எடுத்தார்? நான் அவருடைய இடத்தில் இருந்தால் எழுதியிருப்பேனா? இன்றுவரை எனக்குத் தெரியவில்லை.

கம்பிகளைக் கழற்றினோம். மகளின் கட்டிலை எங்கள் அறைக்கு மாற்றி, அந்த அறையைப் பூட்டினோம். ஏரி தெரிகிற ஒரே அறை அது.

புதன்கிழமை வந்தது. வேறு ஆள் தேடிக் கிடைக்கவில்லை. வேலைக்கு வரமாட்டேன் என்று சொல்லும் துணிவும் எனக்கில்லை. பக்கவாட்டுக் கதவைத் தட்டினேன். அவரைக் கண்டதும் மகள் என் இடுப்பிலிருந்து அவரிடம் தாவினாள். பால் எப்போது கொடுக்க வேண்டும் என்று வழக்கம்போலச் சொல்லிவிட்டு, நன்றி என்றும் சொன்னேன்.