சாமிக்கு நேர்ந்துவிட்ட கன்றுகள்

கோவில்பட்டிக்குப் பக்கத்தில் எங்கள் குலசாமி கோயிலை நான்தான் பார்த்துவருகிறேன். சாமிக்கு நேர்ந்துவிட்ட கன்றை வேண்டாம் என்று சொல்லும் வழக்கம் எங்களுக்கு இல்லை. வந்ததையெல்லாம் சின்னக் கொட்டகையில் அடைத்தேன். மழை இல்லாமல் தீவனம் தீர்ந்தபோதும், சாமி பார்த்துக்கொள்ளும் என்று இருந்துவிட்டேன்.

ஒருநாள் காலை போலீஸ்காரரும் கால்நடை டாக்டரும் வந்தார்கள். கோயிலை ஒட்டிய வீட்டிலிருந்து தீப்பெட்டி ஆபீஸுக்கு வேலைக்குப் போகும் செல்லத்தாய் புகார் கொடுத்திருந்தாள்.

"சாமி மாட்டுக்குக் கேஸா?" என்று கத்தினேன்.

"தீவனமும் இடமும் இல்லாம அடைச்சுவச்சா யார் மாடுன்னாலும் குத்தம்தான் அண்ணாச்சி. கோசாலைக்குக் கொண்டுபோறோம்" என்றார் டாக்டர்.

கொட்டகையைத் திறந்தார்கள். ஒரு கன்றுகூட என் பக்கம் திரும்பவில்லை. எலும்பும் தோலுமாகத் தள்ளாடிப் போய், செல்லத்தாய் வீட்டு வாசலில் நின்றன. அவள் வாளியோடு வெளியே வந்தாள்.

"கம்பி வழியா தெனமும் கழனித்தண்ணி வைக்கேன் அண்ணாச்சி. வைக்கோலுக்கு நான் எங்கன போவேன்? அதான் சொல்லிட்டேன்."

வந்தவர்கள் என்னை எச்சரித்து விட்டுவிட்டார்கள். கன்றுகள் கோசாலையில் தேறிவிட்டன. இப்போது கன்றோடு வருகிறவர்களுக்கு நானே கோசாலைக்கு வழி சொல்கிறேன்.

சாமி பார்த்துக்கொள்ளும் என்றேனே, பார்த்துக்கொண்டுதான் இருந்திருக்கிறது, பக்கத்து வீட்டிலிருந்து, கையில் வாளியோடு.